படகில் ஏறும் முன்... ஒரு நிமிஷம்!

கொடைக்கானல் வரை வந்துவிட்டு ஏரியில் படகு விடாமல் மலை இறங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பில்லர் ராக்ஸை மேகம் மூடியிருக்கும். பிரையண்ட் பூங்காவில் பூ இல்லாத மாதமாக இருக்கும். ஏரி மட்டும் யாரையும் ஏமாற்றாது. பொடிசுகள் முதல் தாத்தா பாட்டி வரை, "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாமே" என்று கிளம்பிவிடுவார்கள்.

படகுத்துறையில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டை நீட்டும்போது என்னென்ன பதில் வருகிறது தெரியுமா?

"ஐயே, இதைப் போட்டுக்கிட்டா போட்டோவுல புதுப் புடவை தெரியாதுங்க!"

"குட்டி ஏரிதானே சார், கரை இதோ கையெட்டுற தூரத்துல இருக்கு."

"எனக்கெல்லாம் இது வேணாம் தம்பி. எங்க ஊர்க் கிணத்துல மேட்டுலேர்ந்து தலைகீழா குதிச்சவன் நான்."

முதல் இரண்டு பேரைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். பயமுறுத்தினால் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது ஆசாமிதான் கஷ்டம். அவருக்கு நிஜமாகவே நீச்சல் தெரியும். அதனாலேயே அவர் அதிக ஆபத்தில் இருக்கிறார். இந்தக் கட்டுரையே பெரும்பாலும் அவருக்காகத்தான்.

"சித்த மருத்துவர் சூரணம், கஷாயம் பற்றி எழுதாமல் படகு பற்றி எழுத வந்துவிட்டாரே" என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தவரைக் கரையில் போட்டு நம் ஜனங்கள் செய்கிற பல காரியங்களுக்கு 'நாட்டு வைத்தியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நாட்டு வைத்தியம் படித்தவனே பேசுவதுதான் முறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த முதல் நிமிஷம்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதல்ல. மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து அணை கட்டி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர். நட்சத்திரம் போல அங்கங்கே கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. 1890-ல் படகு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, இங்கே படகு விடுவது நூற்றாண்டு தாண்டிய பழக்கம்.

வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிற கேள்வி, "ஆழம் எத்தனை அடி?" என்பது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. "தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி?"

ஏரி இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே. மார்கழி, தை மாதக் காலையில் படகின் ஓரமாகக் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். விரல் விறைத்துப் போகும். நம்ம கிணற்று வீரர் குதித்துப் பழகியது சித்திரை வெயிலில், வெதுவெதுப்பான தண்ணீரில். குதிக்கப் போகிறோம் என்று தெரிந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதித்தார். இங்கேயோ செல்ஃபி எடுக்க எழுந்து நின்றபோது படகு ஆடி, ஸ்வெட்டர், ஜீன்ஸ், ஷூ சகிதம் பின்பக்கமாக விழுகிறார். இரண்டும் ஒன்றாகுமா?

குளிர்ந்த நீர் திடீரென்று உடம்பு முழுக்கப் பட்டால் என்ன நடக்கும்? பச்சைத் தண்ணீரை முதுகில் ஊற்றினால் "ஹா..." என்று ஒரு மூச்சை இழுக்கிறோம் இல்லையா, அதேதான். ஆனால் பல மடங்கு. அந்த மூச்சை நாம் இழுப்பதில்லை. உடம்பு தானாக இழுக்கிறது. தடுக்க முடியாது. அந்த விநாடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். அடுத்து, நாய் இளைப்பது போல மூச்சு தாறுமாறாக வாங்கும். இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்கு இந்த அதிர்ச்சியே போதும், ஆபத்துக்கு.

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று சொல்வோம். தும்மல், கொட்டாவி, பசி, தாகம் இவற்றோடு சுவாசமும் அதில் ஒன்று. உடம்பில் தானாக எழும் இந்த வேகங்களை வலுக்கட்டாயமாக அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் என்பது பாடம். குளிர்ந்த நீரிலோ நீங்கள் நினைத்தாலும் அடக்க முடியாது! நன்றாக நீச்சல் தெரிந்தவர் கரைக்குச் சில அடி தூரத்தில் போய்விட்டார் என்று கேள்விப்படும்போது, "எப்படிங்க?" என்று ஆச்சரியப்படுகிறோம். பல நேரங்களில் விடை இந்த முதல் நிமிஷத்தில்தான் இருக்கிறது. கை கால் தெரியும். மூச்சு ஒத்துழைக்கவில்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி. இந்த அதிர்ச்சி ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அதுவரை என்ன செய்வது? நீந்தாதீர்கள். ஆமாம், நீந்தவே நீந்தாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காது நனையும்படி மல்லாந்து, முகத்தை வானத்துக்குக் காட்டி மிதந்துகொண்டிருங்கள். கை கால்களை லேசாக அளைந்தால் போதும். மூச்சு ஒழுங்குக்கு வந்த பிறகு கூப்பிடலாம், எதையாவது பிடிக்கலாம், நீந்தலாம். பிரிட்டனில் 1824 முதல் கடல் மீட்புப் பணி செய்துவரும் ஆர்.என்.எல்.ஐ. என்ற அமைப்பு தன் நாட்டு மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: முதலில் மித.

கனடாவில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர். குளிர்ந்த நீரில் மனித உடம்பு என்னவாகிறது என்று தானே பனிக்கட்டித் தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர். அவர் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒரு நிமிஷம், 10 நிமிஷம், ஒரு மணி நேரம். மூச்சை அடக்கியாள ஒரு நிமிஷம். கை கால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம். உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம். இது உறைபனித் தண்ணீருக்கான கணக்கு. நம் ஏரி உறைவதில்லை, ஆகவே நிமிஷங்கள் மாறும். ஆனால் வரிசை இதே வரிசைதான். முதலில் மூச்சு, பிறகு கை கால், கடைசியில்தான் குளிர். 'குளிரில் விறைத்துச் செத்தார்' என்பதற்கு முன்பே இரண்டு கண்டங்கள் இருக்கின்றன. லைஃப் ஜாக்கெட் போட்டவர் அந்த இரண்டையும் ஒன்றும் செய்யாமலே தாண்டிவிடுகிறார்.

படகு கவிழ்ந்தால் இன்னொரு விஷயம். கவிழ்ந்த படகை விட்டு விலகாதீர்கள். சிறிய துடுப்புப் படகோ மிதிபடகோ கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். தண்ணீரில் உங்கள் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். படகு தூரத்திலிருந்தே தெரியும். அதிலும் கொடைக்கானலில் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று மஞ்சு இறங்கி எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. "கரை இதோ" என்று நீந்தக் கிளம்பினால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரியாமல் போகும். ஓரத்து நீர்ச்செடிகள் காலைச் சுற்றும். படகைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் விசில் கட்டியிருந்தால் அது விளையாட்டுச் சாமான் அல்ல, இதற்குத்தான்.

யானை எந்தப் பக்கம்?

கொடைக்கானல் பார்த்தவர்கள் அடுத்த நாள் பெரியகுளம், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறித் தேக்கடிக்குப் போவது வழக்கமான டூர். அங்கேயும் படகுதான் பிரதானம். முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது.

2009 செப்டம்பர் 30-ம் தேதி மாலை. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு அந்த ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்து போனார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. கரையோரத்தில் காட்டு விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததில் படகு சாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேர். லைஃப் ஜாக்கெட் யாரும் அணிந்திருக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. புயல் இல்லை, சுழல் இல்லை, பாறையில் மோதவில்லை. அமைதியான ஏரி. பயணிகளின் எடைதான் படகைக் கவிழ்த்தது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கும் பெண்ணைப் பாருங்கள். குடத்தை இடுப்பில் வைத்திருந்தால் கொஞ்சம் சாய்ந்தாலும் சமாளிப்பார். தலைமேல் இருந்தால் சின்ன அசைவுக்கும் குடம் ஆடும். படகும் அப்படித்தான். எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் புரளும். மேல்தளத்தில் கூட்டம், அதுவும் எழுந்து நின்று, அதுவும் ஒரே ஓரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். அங்கே போனதில் பெரும்பாலோர் குழந்தைகள், பெண்கள். தானூர்ப் படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது. மூன்றும் விடுமுறை அல்லது சுற்றுலா நேரம், மூன்றிலும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்.

ஆகவே, படகில் ஏறும் முன் நீங்கள் இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, இப்போது எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டம் அதிகமென்றால் அடுத்த படகு. "டிக்கெட் வாங்கிட்டோமே..." என்றால் போகட்டும், டிக்கெட் காசுதானே! ஏறியதும் உட்கார்ந்துவிடுங்கள். யானை இடப்பக்கம் தெரிந்தால் வலப்பக்கம் இருப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும். தெரியாவிட்டால் போகிறது. சுற்றிலும் அடைத்த கீழ்த்தளத்தைவிட, எழுந்து வெளியே வர வழியுள்ள இடம் நல்லது. மன்னவனூர் ஏரியில் பரிசலில் போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். பரிசல்காரர் சுற்றிவிடும் உற்சாகத்தில் யாரும் விளிம்பில் ஏறி உட்கார வேண்டாம்.

அப்புறம், சரக்கு. மலைக்கு வந்தாலே சிலருக்கு 'குளிருக்கு இதமாக' ஒரு பெக் வேண்டும். மது உள்ளே போனால் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். மேலுக்குச் சூடாகத் தோன்றும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நிதானமும் போகும். குடித்தவர் படகில் ஏறவே கூடாது. நண்பர்களும் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

சுரைக்குடுக்கை

நம் பாட்டனார்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கும்போது இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்கள். இல்லையென்றால் கல்யாண முருங்கைக் கட்டை. மிதப்பது முதல் பாடம், நீந்துவது அப்புறம். கடற்கரைக்காரர்களின் கட்டுமரம் இன்னும் ஒரு படி மேல். அதில் நிரம்புவதற்கு உள்ளிடமே கிடையாது. கட்டையே மிதக்கிறது, அலை மேலே ஏறி இறங்கிப் போகிறது. உலகமே அந்தப் பெயரைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட்டும் அதே சுரைக்குடுக்கைதான். ஆரஞ்சுக் கலரில் வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆனால் போடத் தெரிந்து போட வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு பக்கிளைப் போடாமல் விட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். எல்லாப் பட்டைகளையும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் சைஸ் அல்ல. குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டு 'போட்டாச்சு' என்று கணக்குக் காட்டாதீர்கள். குழந்தை அதிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். சின்ன சைஸ் கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் குழந்தைக்குப் படகு வேண்டாம், ஏரியைச் சுற்றிக் குதிரையில் ஒரு சவாரி போகட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் ஜாக்கெட்டுக்குள் சேர்த்துக் கட்டுவதும் கூடாது.

உப்புத் தண்ணீர் தாகம் தீர்க்காது

மலையிலிருந்து இறங்கி ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போகிறவர்களும் உண்டு. கடற்கரையில் இருந்துகொண்டே இதைப் படிப்பவர்களும் உண்டு. ஏரியில் விழுந்தவருக்குக் கரை தெரியும். கடலில்? அங்கே நிமிஷக் கணக்கு, நாள் கணக்காகிவிடும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் மீனவர்கள் ஏராளமானோர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களில் பலர் கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தையோ, கேனையோ, எது மிதந்ததோ அதைப் பற்றிக்கொண்டு கிடந்தவர்கள். பிறந்ததிலிருந்து கடலில் நீந்துகிறவர்கள் அவர்கள். அவர்களாலேயே அத்தனை தூரம் நீந்திக் கரை சேர முடியாது. எதையாவது பிடித்து மிதந்தவர்களைத்தான் ஹெலிகாப்டரும் கப்பலும் கண்டுபிடிக்க முடிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பூன் லிம் என்ற சீன மாலுமியின் கப்பலை 1942 நவம்பரில் டார்பிடோ தாக்கி மூழ்கடித்தது. தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு சின்ன மரத் தெப்பத்தில் தன்னந்தனியாக 133 நாள் இருந்தார். பிரேசில் மீனவர்கள் மீட்டார்கள். இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் சரியாக வராது! தவறி விழுந்தாலும் தெப்பம் கைவிட்டுப் போகாதபடி கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். மழைநீரைத் துணியில் பிடித்தார். டார்ச் லைட்டுக்குள் இருந்த கம்பியை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்தார்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம். 2019 ஜூலையில் வங்கக் கடலில் மூழ்கிய மீன்பிடி விசைப்படகின் மேற்கு வங்க மீனவர் ஒருவர், மூங்கிலைப் பற்றியபடி சில நாள் மிதந்து, கடைசியில் வங்கதேசக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார். மழை பெய்தபோது கிடைத்த நீர்தான் அவர் குடித்தது. கடல் நீரைத் தொடவில்லை.

அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும், தொண்டை வறளும். 'ஒரு வாய் குடித்தால் என்ன?' என்று தோன்றும். கூடவே கூடாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு கெட்டியான உப்புச் சிறுநீரை நம் சிறுநீரகத்தால் உண்டாக்க முடியாது. உள்ளே போன உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடம்பிலிருந்தே உறிஞ்சி எடுக்கும். கடன் வாங்கி வட்டி கட்டின கதை. தாகம் ஏறும், புத்தி பேதலிக்கும். "அதோ கரை தெரியுது" என்று சொல்லிவிட்டு நட்டநடுக் கடலில் இறங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

குடிநீர் கைவசம் இல்லாதபோது சாப்பாட்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக மீன், இறைச்சி. அவற்றைச் செரித்துக் கழிவை வெளியேற்ற உடம்புக்கு நீர் வேண்டும். பசியை வாரக்கணக்கில் தாங்கலாம், தாகத்தைச் சில நாட்களுக்கு மேல் தாங்க முடியாது. பகலில் துணியைக் கடல் நீரில் நனைத்துப் போர்த்தினால் வியர்வை குறையும். சாயங்காலத்துக்குள் உலர்த்திவிடுங்கள், இரவில் குளிர் பிடிக்கும். பலர் சேர்ந்து தண்ணீரில் மிதந்தால் ஒருவரை ஒருவர் அணைத்துக் கூட்டமாக இருப்பது நல்லது. தனியாக இருந்தால் லைஃப் ஜாக்கெட்டோடு முழங்காலை மார்போடு சேர்த்துக் குறுகிக்கொள்ளுங்கள். அக்குள், மார்பின் பக்கவாட்டு, தொடையிடுக்கு வழியாகத்தான் சூடு அதிகம் கசியும்.

கடலில் வாந்தியும் ஒரு எதிரி. இருக்கிற நீரையும் வெளியே தள்ளிவிடும். இங்கே என் வைத்தியத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. 1988-ல் டென்மார்க்கில், கடல் பயணம் பழகாத கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு இஞ்சிப் பொடி ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு இது புதுசா என்ன? கால் டீஸ்பூன் சுக்குத் தூளைத் தேனில் குழைத்துப் புறப்படுவதற்கு அரை மணி முன் சாப்பிடலாம். இஞ்சி மொரப்பாவும் ஆகும். வத்தலக்குண்டில் தொடங்கும் மலைப்பாதை வளைவுகளுக்கும் இதுவே மருந்து. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வீட்டில் இருக்கும் பெண்களும் இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'இன்னும் வரலையே' என்று முதலில் கவலைப்படுவது அவர்கள்தானே.

குதிக்காதீர்கள், எறியுங்கள்

ஒருவர் முழுகுவதைப் பார்த்ததும் தம்பி குதிப்பான், தம்பியைக் காப்பாற்ற அப்பா, அப்பாவுக்காகச் சித்தப்பா... பேப்பரில் மாதம் ஒரு தடவையாவது இப்படிச் செய்தி படிக்கிறோம். முழுகுகிறவர் கையில் எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறப் பார்ப்பார். அது உங்கள் தலையாக இருந்தாலும் சரி. பயிற்சி இல்லாதவர் இறங்கக் கூடாது. படுத்துக்கொண்டு துடுப்பை நீட்டுங்கள். புடவை, வேட்டி, துப்பட்டா முடிந்து எறியுங்கள். மூடி போட்ட காலி கேன், கவிழ்த்த பிளாஸ்டிக் குடம், இறுக மூடிய பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில், எதுவானாலும் அவர் மார்பில் அணைத்து மிதக்கலாம்.

இன்னொன்று. முழுகுகிறவர் சினிமாவில் மாதிரி "காப்பாத்துங்க" என்று கத்த மாட்டார். மூச்சுக்கே வழியில்லை, கத்துவது எப்படி? வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். சத்தமே இருக்காது. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குழந்தைகள் தண்ணீரில் விளையாடும்போது சத்தம் நின்றால், அப்போதுதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கரைக்கு இழுத்த பிறகு

இப்போது நான் முதலில் சொன்ன 'நாட்டு வைத்தியம்'. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது. வயிற்றில் ஏறி அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது. உப்புக் குவியலில் புதைத்து வைத்தால் உயிர் வரும் என்று மூட்டை மூட்டையாக உப்பு வாங்குவது. ஒரு சித்த மருத்துவனாக அடித்துச் சொல்கிறேன், இவற்றில் ஒன்றுகூட வைத்தியம் அல்ல. வயிற்றை அமுக்கினால் அங்கே இருக்கும் தண்ணீரும் சோறும் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். உப்பு ஒன்றுமே செய்யாது. போன நேரம் திரும்பி வராது.

நினைவு தப்பியவருக்கு மூக்கில் நசியம் விடுவது, கண்ணில் கலிக்கம் இடுவது எங்கள் சாஸ்திரத்தில் உண்டு. அது சன்னி போன்ற வேறு நிலைகளுக்கு. தண்ணீரில் முழுகியவரின் மூக்கில் எந்தச் சாறும் ஊற்றாதீர்கள். அவருக்குத் தேவை காற்று. காற்று மட்டுமே.

108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர் அவரைச் சமதளத்தில் மல்லாத்தி, நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை மேலே தூக்கி, 10 விநாடிக்குள் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் மூக்கைப் பிடித்து மூடி, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும்படி ஊதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு விநாடி. முதலில் 2 முதல் 5 ஊதல். மாரடைப்பில் மார்பை அமுக்குவது முதல், தண்ணீரில் முழுகியவருக்கோ மூச்சுதான் முதல். பிறகும் அசைவோ மூச்சோ இல்லையா? நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 5 செ.மீ. ஆழத்துக்கு 30 தடவை அமுக்கி, 2 தடவை ஊதுங்கள். மறுபடி 30, மறுபடி 2. கைக்குழந்தை என்றால் அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் மெல்ல ஊதி, இரண்டு விரலால் அமுக்க வேண்டும். நுரை வந்தால் துடைத்துக்கொண்டே நேரத்தை விடாதீர்கள். வாந்தி வந்தால் ஒரு பக்கமாகத் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள்.

உடம்பு ஜில்லிட்டிருக்கிறதே, முடிந்துவிட்டது என்று நீங்களாகத் தீர்மானிக்கக் கூடாது. குளிர்ந்த நீரிலிருந்து எடுத்தவர்கள் வெகுநேரம் கழித்தும் மீண்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள். இதைப் படித்து மட்டும் வராது. உங்கள் ஊரில் செஞ்சிலுவைச் சங்கமோ ஆஸ்பத்திரியோ பயிற்சி நடத்தினால் ஒரு நாள் போய்ப் பொம்மையில் பழகிவிட்டு வாருங்கள்.

நினைவோடு நடுங்குகிறவருக்கு என்ன செய்வது? ஈரத் துணியை முழுக்கக் களைந்துவிட்டு உலர்ந்த கம்பளியில் சுற்றுங்கள். தலையையும் சேர்த்து. நடக்க விடாதீர்கள், படுக்க வையுங்கள். பரபரவென்று கை கால்களைத் தேய்ப்பார்கள், தைலம் போட்டு உருவுவார்கள், நெருப்பில் காட்டுவார்கள். வேண்டாம். கை காலில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பினால் ஆபத்து. சூடு மார்பிலிருந்து தொடங்க வேண்டும். பிராந்தி கூடவே கூடாது. தெளிவாகப் பேசுகிறார், தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்கிறார் என்றால் கருப்பட்டி போட்ட இளஞ்சூடான சுக்குக் காப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அதில் வேலை செய்வது பெரும்பாலும் இனிப்பும் சூடும்தான், சுக்குக்கு நானே அதிகப் பெருமை சேர்க்க மாட்டேன்.

"நல்லாத்தானே இருக்கான், எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். மூச்சுக்குள் தண்ணீர் போனவருக்கு அடுத்த சில மணி நேரத்தில் நுரையீரல் வீங்கலாம். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, சோர்ந்து சோர்ந்து தூங்கி வழிகிறான், உதடு நீலம் பாரிக்கிறது என்றால் அன்றே அட்மிட் செய்ய வேண்டும். செயற்கை மூச்சு கொடுத்துப் பிழைத்தவர் எப்படி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், சளி, நெஞ்சு வலி வந்தாலும் அப்படியே. ஆடாதோடை, தூதுவளை எல்லாம் அருமையான மூலிகைகள்தான். ஏரித் தண்ணீர் உள்ளே போன நுரையீரலுக்கு எக்ஸ்ரேயும் ஆக்சிஜனும் முந்தி, மூலிகை அப்புறம்.

குழந்தைகள் சில பேர் பல நாள் கழித்தும் ஷவரைக் கண்டு அலறுவார்கள், ராத்திரி திடுக்கிட்டு எழுந்திருப்பார்கள். அதட்டாதீர்கள். கேலி செய்ய வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் இஷ்டம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர், அடுத்த வாரம் பக்கெட்டில் கால், அதற்கப்புறம் தொட்டி என்று விளையாட்டாகப் பழக்குங்கள். மாதம் ஒன்று ஆகியும் தூக்கம் கெட்டால் குழந்தை நல டாக்டரிடம் சொல்லுங்கள். பயம் தெளிந்த பிறகு முறையாக நீச்சல் கற்றுக் கொடுக்கலாம். முதல் வகுப்பில் மல்லாந்து மிதக்கச் சொல்லித் தருகிற மாஸ்டராகப் பார்த்துச் சேருங்கள்.